அற்புதராஜின் ழகரம்

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் அற்புதராஜைக் கண்டால் வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்கள் இருந்தார்கள். அவர் அடிக்கிறவர் அல்ல, குடித்துவிட்டு வம்பு பேசுகிறவரும் அல்ல. திருத்துகிறவர். "மழ வருது" என்று யாராவது சொல்லிவிட்டால், "மழை வருகிறது" என்று சொல்லி முடித்த பிறகுதான் தன் குடையை விரிப்பார். அதற்குள் பாதி நனைந்திருப்பார்.

செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் அவர் ஸ்டோர்கீப்பர். "அண்ணே, ஆணி இருக்கா?" என்று வருகிறவனை "ஆணி இருக்கிறதா?" என்று சொல்லவைத்துத்தான் ஆணியைக் கொடுப்பார். அவருடைய நண்பர் அழகப்பன் மட்டும் இந்தத் தொல்லை வேண்டாம் என்று ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். பட்டறையில் பலர் ஆங்கிலம் பழகியதற்கு அற்புதராஜின் தமிழ்ப்பற்றுதான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு.

இந்தப் பற்று அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து இளவயதில் மாமாவோடு கப்பலேறி வந்தவர் அவர். வந்த புதிதில், தேக்கா பக்கம் ஒரு மன்றக் கூட்டத்தில் நன்றியுரை சொல்லக் கூப்பிட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. முடிவில் உணர்ச்சி பொங்கக் கையை உயர்த்தி, "வாள்க தமிள்!" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "வாள் எங்கப்பா? உறையில இருக்கா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. பக்கத்தில் நின்றவர் தோளைத் தட்டி, "விடு தம்பி, மீன் பிடிக்கிற ஊருத் தமிழ் அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். சிரிப்புக்கூட ஆறிவிட்டது, அந்த ஆறுதல்தான் ஆறவே இல்லை.

அன்றிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாக்கை மடித்துப் பழகினார். ஒரு சிக்கல் இருந்தது. அவர் வளர்ந்த பேச்சில் ழகரம் என்ற ஒன்றே கிடையாது. மழையும் மளைதான், கிளியும் கிளிதான். எழுத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பேசுகிற வேகத்தில் எது எந்த 'ள' என்று யார் நின்று பார்ப்பது? எதற்கும் இருக்கட்டும் என்று நாக்கு எல்லா இடத்திலும் மடங்கக் கற்றுக்கொண்டது. இந்த முடிவை நாக்குதான் எடுத்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் காதுக்குத் தன் பேச்சு கோயில் மணிபோலக் கேட்டது.

அதே கடற்கரையிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிரிஜட்டுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஊரில் எப்படிப் பேசினாளோ அப்படியே இங்கும் பேசினாள்.

"சாமியார் வந்தாவ. ஒங்களக் கேட்டாவ."

"வந்தார்கழ், கேட்டார்கழ் என்று சொல்."

"வந்தாவன்னு சொன்னா வந்தவிய திரும்பிப் போயிருவாவளா?"

"அது கொச்சை, பிரிஜட்."

"எங்கம்மையும் இப்படித்தான் பேசுனா, ஒங்கம்மையும் இப்படித்தான் பேசுனா. கொச்சையாவா ஒங்களுக்குச் சோறு போட்டா? தெரியும்லா?"

அந்த 'லா' அவரை இன்னும் குத்தும். "மலாய்க்காரர் லாவைக் கொண்டுவந்து தமிழில் ஒட்டாதே" என்பார்.

"இது எங்க ஊரு லா. கப்பல் ஏறுததுக்கு முந்தியே எங்கிட்ட இருந்துச்சு."

அற்புதராஜ் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதுதான் அவர் வழக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் அவர்களுடைய ஒரே மகள் மதலேனாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு வந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. மின்னணுத் தொழிற்சாலைக்குப் போகிற பேருந்திலேயே மதலேனாவும் உட்லண்ட்ஸ் எலக்ட்ரிஷியன் சவரிராஜும் எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கவேண்டியதுதான் பாக்கி. சவரிராஜுக்கு அப்பா இல்லை. அம்மா அருள்ஜோதி, ஓய்வுபெற்ற தாதி. சிங்கப்பூரிலேயே பிறந்தவர், சத்தமாகச் சிரிப்பவர், தமிழையும் ஆங்கிலத்தையும் மலாயையும் ஒரே தட்டில் ரொஜாக் மாதிரிக் கலந்து பரிமாறுகிறவர்.

அவர் பெண் பார்க்க வருகிற அன்று அற்புதராஜ் மனைவியைக் கூப்பிட்டு, "நீ அதிகம் பேச வேண்டாம். காப்பி கொடு. சிரி" என்றார். பிரிஜட் அப்போதே சிரித்தாள்.

சாப்பாடு ஆயிற்று. மீன் குழம்பை இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்ட அருள்ஜோதி, "சூப்பர் லா! யாரு செஞ்சது?" என்று கேட்டார். மதலேனா என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, "பரவாயில்லையே, பொண்ணு நல்லா சமைக்கும் போலிருக்கே!" என்றார்.

அற்புதராஜுக்கு நாக்கு அரித்தது. பிரிஜட் கண்ணாலேயே கும்பிட்டாள். அவர் பார்க்கவில்லை.

"மன்னிக்கவேண்டும். 'சமைக்கும்' என்பது ஆடு மாடுகழுக்குச் சொல்வது. என் மகழ் சமைப்பாழ்."

ஆடும் மாடும் சமைப்பதில்லை என்பதுகூட அவருக்கு அப்போது தோன்றவில்லை. அருள்ஜோதி அவரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்தார். தன் இலக்கணத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அற்புதராஜ் அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டார்.

வாரங்கள் போயின. உட்லண்ட்ஸிலிருந்து தகவல் இல்லை. ஒருநாள் மதலேனா கண் சிவந்து வந்து நின்றாள்.

"அப்பா, அவங்கள ஏன் கரெக்ட் பண்ணீங்க? அவங்க என்ன உங்ககிட்ட ஆணி வாங்கவா வந்தாங்க?"

அவர் செய்தித்தாளைத் தேடினார். அதற்குள் அவள் அதை எடுத்து ஒளித்துவைத்திருந்தாள்.

கடைசியில் பிரிஜட்தான் ஒரு பொட்டலம் கருவாட்டோடு தனியாக உட்லண்ட்ஸுக்குப் பேருந்து ஏறிப் போனாள். பொழுது சாயத் திரும்பி வந்து, "நாள் குறிச்சாச்சு" என்றாள். அங்கே என்ன பேசினாள் என்று கேட்டதற்கு, "அவிய மனசு நல்ல மனசு, நாக்குலதான் ஒரு சின்ன எலும்பு மொளச்சிருக்கு, அம்புட்டுதான்னு சொன்னேன்" என்றாள். எலும்பு என்றால் உறுதி என்று பொருள் கொண்டு அவர் திருப்தியடைந்தார்.

மாதா கோயிலில் திருமணம் முடிந்து, மாலையில் சமூக மன்றத்தில் விருந்து. பெண்ணின் அப்பா பேசுவார் என்று அறிவித்தார்கள். இந்தப் பேச்சுக்காக அவர் இரண்டு மாதம் குளியலறையை விட்டு வெளியே வராமல் இருந்திருக்கிறார். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பு மணமக்கழே, பெரியோர்கழே! என் மகழ் எங்கழ் வீட்டின் ஒழி."

மன்றத்தில் சிறு சலசலப்பு.

"இன்று முதல் சம்பந்தியம்மாழ் வீட்டுக்கும் இவழ்தான் ஒழி!"

முன்வரிசையில் தலைகள் குனிந்தன. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழகப்பனின் தோள்கள் குலுங்கின. நம் சொல் இத்தனை பேரை அழவைக்கிறதே என்று அற்புதராஜ் ஒலிவாங்கியை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுவந்தார். கடைசி வரியை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. மணமக்கள் பக்கம் திரும்பினார். இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"மகழே! போகும் இடமெல்லாம் ஒழி! ஒழி! ஒழி!"

அருள்ஜோதி எழுந்து வந்து மருமகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் ஒலிவாங்கியை வாங்கினார்.

"சம்பந்தி, அப்பாவே இப்படிச் சொன்னாலும் நான் என் மருமகள ஒழிக்கமாட்டேன் லா!"

அதுவரை அடக்கிவைத்திருந்த கூட்டம் வெடித்தது. மேசையைத் தட்டினார்கள். சாமியார்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மதலேனாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்மை கலைந்தது. பிரிஜட் மட்டும் சிரிக்காமல் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அற்புதராஜ் மேடையை விட்டு இறங்கி நேரே அழகப்பனிடம் போனார்.

"என்ன ஆயிற்று?"

"ஒளின்னு சொல்லணும் அண்ணே. நீங்க ஒழின்னுட்டீங்க."

"நானும் ஒழி என்றுதானே சொன்னேன்?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

"இரண்டும் ஒன்றுதானே?"

அழகப்பன் அவர் கையைப் பிடித்து, விளக்கைக் காட்டி ஒன்றையும் வாசலைக் காட்டி மற்றொன்றையும் சொன்னார். மூன்றாவது முறை விளக்கிலிருந்து வாசலுக்கு விரல் போனபோது அற்புதராஜுக்கு வியர்த்தது.

"எவ்வழவு காலமாக?"

"உங்களப் பாத்த நாள்லேருந்து."

"ஏன் சொல்லவில்லை?"

"உங்களப் போய் யாரு திருத்துறது? அதுவுமில்லாம, பட்டறையில எங்களுக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு?"

சமையல்கட்டுக்குப் பின்னால் போய் அற்புதராஜ் ஒரு குளிர்பானப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். பழையதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பட்டறையில் "ஒரு வாழி கொண்டு வா" என்று சத்தம்போடும்போதெல்லாம் பையன்கள் கைகூப்பி, "நீங்களும் வாழி அண்ணே!" என்பார்கள். வாளி வருவதற்கு முன் வாழ்த்து வருகிறதே, என்ன பணிவு என்று எத்தனை தடவை மகிழ்ந்திருக்கிறார்! பிரிஜட்டின் பேச்சை நினைத்துப் பார்த்தார். வந்தாவ, போனாவ, கேட்டாவ. ஒருநாளும் அது தடம் புரண்டதில்லை. அவள் அம்மா வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒரு ஊரும், ஒரு இலக்கணமும், ஒரு அம்மாவும் சொல்லிக்கொடுக்காத தமிழ் இந்த மன்றத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் பேசுகிறவர் பானப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார்.

அருள்ஜோதி ஒரு தட்டு பிரியாணியோடு தேடிக்கொண்டு வந்தார்.

"சம்பந்தி, கோவமா?"

வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. எந்த வார்த்தைக்குள் எந்த எழுத்து பதுங்கியிருக்குமோ! ஆபத்தில்லாத ஒரு சொல்லாகத் தேடி எடுத்து, "இல்லை" என்றார்.

"அன்னிக்கு 'சமைப்பாழ்'னு சொன்னீங்களா, சமையல் பாழுன்னு சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன். மீன் நல்லாத்தானே இருக்கு, பெத்த அப்பா ஏன் இப்படிச் சொல்றாருன்னு லிஃப்ட்ல என் மவன்கிட்ட கேட்டேன். அப்புறம் உங்க வீட்டம்மா வந்து சொன்னப்பதான் புரிஞ்சுது." தட்டை அவர் மடியில் வைத்தார். "நெஜமாவே கேக்குறேன். பொண்ணு சமைக்கும், புள்ள படிக்கும்னு எங்கம்மா பாசமா சொல்வாங்க. அது தப்பா?"

அற்புதராஜுக்குத் தன் அம்மா வாசலில் நின்று அடுத்த வீட்டாரிடம் சொன்னது காதில் விழுந்தது: எம் புள்ள நல்லாப் படிக்கும். அப்போது அவர் ஆடாகவும் இல்லை, மாடாகவும் இல்லை.

"தப்பு என்னத்துக்கு? தப்பே இல்ல. எம் புள்ள நல்லாத்தான் சமைக்கும். அவ அம்மைக்குக் கைப்பக்குவம் உண்டும்லா, அது அப்படியே வந்திருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன பேசினோம் என்று அவருக்கே உறைத்தது. அருள்ஜோதி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "தயிர் வெங்காயம் வேணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

மனிதர் அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். இப்போதும் யாராவது பேசினால் அவர் உதடு துடிக்கும். பிரிஜட் பக்கத்தில் இருந்தால் கையை நீட்டிக் கிள்ளுவாள். சில நாள் ழகரம், சில நாள் ளகரம், சில நாள் இரண்டும் குழம்பி இரண்டுமில்லாத ஒன்று வரும்.

அடுத்த வருடம் அழகப்பன் வீட்டுக் கல்யாணம் சிராங்கூன் சாலையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நண்பர் பேசவேண்டும் என்று கூப்பிட்டார்கள். பிரிஜட் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அற்புதராஜ் எழுந்து போய், ஒத்திகை எதுவும் இல்லாமல், ஊரில் பேசுவது போலவே பேசினார்.

"அளகப்பன் நல்ல மனுசன். இந்தப் புள்ளைய ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். நெறைய நாள் ஒண்ணா இருக்கணும். அம்புட்டுதான்."

கைதட்டினார்கள். ஒரு மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை உண்மையாகவே அழுகைதான்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அற்புதராஜ் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன பாக்குதிய?" என்றாள் பிரிஜட்.

"ஒருத்தங்கூடச் சிரிக்கல பாத்தியா" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.