நடக்கப் போனவர் நின்ற நேரம்

உறையின் மேல் அவள் கணவர் பெயர்தான் இருந்தது. "அவர் மட்டும் பிரிக்கவும்" என்று கீழே அச்சடித்தும் இருந்தது. அப்படி அச்சடித்து அனுப்பினால் எந்த மனைவி பிரிக்காமல் வைப்பாள்? அதுவும் இவள். சட்டைத் தொழிற்சாலையில் தைத்து வருகிற சட்டைகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் இவளுக்கு வேலை. பதினெட்டு வருடமாகத் தையலையும் பொத்தானையும் முறைத்துப் பார்த்ததில் அங்கே இவளுக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர் விழுந்துவிட்டது. பூதக்கண்ணாடி உறையைக் கெட்டிலின் ஆவியில் காட்டி, பசை இளகியதும் பக்குவமாகப் பிரித்தாள்.

சமாச்சாரம் இதுதான். ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஆய்வு நடத்துகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் நடக்கிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தே கழிக்கிறார்கள் என்று அளக்க வேண்டுமாம். வாயால் கேட்டால் ஆளாளுக்குக் கதை விடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கருவியைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார்கள். ஏழு நாள், குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. கூடவே ஒரு நாட்குறிப்பு. எப்போது எழுந்தோம், எப்போது படுத்தோம், எப்போது நடக்கப் போனோம் என்று நாமே எழுத வேண்டும். வீட்டுக்கு இரண்டு பேர், ஆனால் கருவி ஒன்றுதான். போன மாதம் அவர் கட்டிக்கொண்டு திரிந்தார், இந்த வாரம் இவள் முறை.

உள்ளே இருந்த தாளில் நாளுக்கு ஒன்றாக ஏழு பட்டைகள். உட்கார்ந்ததும் படுத்ததும் சிவப்பு, நின்றது மஞ்சள், நடந்தது பச்சை. அவருக்குச் சிவப்புதான் எங்கே பார்த்தாலும். குடிநீர் அலுவலகத்தில் கோப்புகளோடு நாற்காலியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற மனுஷன், வேறு எப்படி இருக்கும்? ஆனால் தாளின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. "மாலை நடை: நீங்கள் எழுதியது 60 நிமிடம். கருவி காட்டியது: நடந்தது 16, நின்றது 44."

ஒரு நாள் அல்ல, ஏழு நாளும் ஏறக்குறைய அதே கணக்கு. பட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். ஆறு மணிக்கு ஒரு துளி பச்சை, பிறகு நீளமாக மஞ்சள், ஏழு மணிக்கு முன்னால் மறுபடியும் ஒரு துளி பச்சை. எட்டு நிமிடம் போக, எட்டு நிமிடம் வர. நடுவில் முக்கால் மணி நேரம் எங்கேயோ நின்றிருக்கிறார். புதன்கிழமை கொட்டு கொட்டென்று கொட்டிய மழையிலும் நின்றிருக்கிறார்.

பூதக்கண்ணாடி ஏழு பட்டைகளையும் முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அவளும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள். அசையாத மனுஷன், மூன்று மாதத்துக்கு முன்னால் திடீரென்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. பேச்சுத் துணைக்கு நானும் வரட்டுமா என்று இவள் கேட்டபோது, "நீ நாள் முழுக்க நின்னு வேலை பாக்கறவ, ரெஸ்ட் எடு" என்றார். அட, எவ்வளவு அக்கறை என்று அப்போது உருகிப்போனாளே! அதை நினைக்க இப்போது தன் மேலேயே எரிச்சல் வந்தது.

உறையை மறுபடி ஒட்டி மேசைமேல் வைத்தாள். சாப்பிடும்போது மெதுவாக அவர் வாயைக் கிளறினாள்.

"இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?"

"வழக்கம் போலத்தான். பூங்காவை நாலு சுத்து."

"கால் வலிக்கலையா?"

"பழகிடுச்சு," என்றார், தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல்.

மறுநாள் காலையில் கருவியைக் கழற்ற ஆய்வுக்காரப் பெண் வந்தாள். பூதக்கண்ணாடி அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏம்மா, இந்தக் கருவி பொய் சொல்லுமா?"

"எதைக் கேக்கறீங்க?"

"உக்காந்திருக்கறதைப் போய் நிக்கறதா காட்டிடுமா?"

"தொடை படுத்த வாக்குல இருந்தா உக்காந்திருக்கோம், நட்டமா இருந்தா நிக்கறோம். அதுல தப்பு வர்றது அபூர்வம்மா. ஆனா பஸ்ல நின்னுக்கிட்டே போனாலும் நிக்கறதாத்தான் காட்டும்."

"நடக்கறேன்னு எழுதிட்டு ஒருத்தர் நின்னுட்டு வந்தா?"

அந்தப் பெண் சிரித்தாள். "எல்லாருமே கூட்டித்தாம்மா எழுதுவாங்க. வேணும்னு இல்ல, ஞாபகம் அப்படி." பிறகு மேசைமேல் இருந்த உறையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ஒருத்தரோட விவரத்தை இன்னொருத்தர்கிட்ட நான் பேச முடியாதும்மா."

பேச வேண்டியதே இல்லை. பாதி வேலை முடிந்துவிட்டது. அன்று பூராவும் தொழிற்சாலையில் கை காலரைத் திருப்பிப் பார்த்ததே தவிர மனசு வேறு எங்கோ துருவிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு எங்கே போகிறார்? பஸ் இல்லை என்றால் யார் வீட்டு வாசல்? ஒருத்தி வீடாக இருந்தால் உட்காரச் சொல்லியிருப்பாளே. முக்கால் மணி நேரம் நிற்கவைத்தே பேசி அனுப்புகிற மகராசி யார்? அப்படி ஒருத்திக்காகவா மழையில் நனைந்துகொண்டு போகிறார்? அன்றைக்கு இரண்டு சட்டை பொத்தான் இல்லாமலே அவள் கையைத் தாண்டிப் போனது. பதினெட்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

அவளுக்கு அவரை விட்டால் யாரும் இல்லை, அதுதான் பயம். ஒரே மகள். அப்பா வேண்டாம் என்று சொன்னவனையே கட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவர் கதவுக்குக் குறுக்கே நின்று சொன்னார்: "இனி அவ பேச்சை இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. நீ போய்ப் பாத்தேன்னா அப்படியே போயிடு, திரும்பி வராதே." வீட்டு போன் எண்ணையும் மாற்றினார். இவள் அழுதாள், ஆனால் கேட்டுக்கொண்டாள். பெற்ற பெண்ணை விட்டுக்கொடுத்துத் தக்கவைத்துக்கொண்ட புருஷன். அவரும் கை நழுவிப் போகிறார் என்றால் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு என்ன அர்த்தம்?

அன்று மாலை தலைவலி என்று சொல்லி ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். தெருமுனையில் நிறுத்தியிருந்த ரொட்டி வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். ஆறு அடித்ததும் அவர் வந்தார். தலையை வாரியிருந்தார். நடக்கப் போகிறவருக்கு எதற்கு வாரிய தலை? பூங்காவின் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் நிறுத்தத்தையும் தாண்டினார். தபால் நிலையத்தை ஒட்டிய சந்தில் நுழைந்து, கடைவீதியில் வெளிப்பட்டு, மூடிக் கிடந்த ஒரு தையல் மெஷின் கடையின் முன்னால் நின்றார். எட்டு நிமிடம். கருவி சொன்னது அச்சு அசலாகச் சரி.

பேசவில்லை, யாரும் வரவுமில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே வெளிச்சமாக ஒரு மருந்துக் கடை. கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண், முதுகைக் காட்டியபடி மேல் தட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓஹோ, வயசுப் பெண் என்று பூதக்கண்ணாடி பல்லை நறநறத்தாள். அந்தப் பெண் திரும்பினாள்.

அவளுடைய மகள்.

வேறு ஊரில் இருக்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்த மகள், வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில் மாத்திரை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றவளுக்குக் கோபம் பொங்கியது. என்னைப் போகாதே என்று கட்டிப் போட்டுவிட்டு, இவர் மட்டும் மூன்று மாதமாகத் தினம் வந்து கண் குளிரப் பார்த்துவிட்டுப் போகிறாரா? ஒருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. விறுவிறுவென்று அவரைத் தாண்டி, அவர் வாயைத் திறப்பதற்குள் ரோட்டைக் கடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தாள். மகள் கல்லாட்டம் நின்றாள்.

"என்ன வேணும்?" என்றாள், யாரோ வாடிக்கையாளரிடம் கேட்பது போல.

"என்னடி கேக்கற, உன் அம்மாடி நான்!"

"இப்பத்தான் மனசு ஆறுச்சா உனக்கு?"

"எனக்கு மனசு ஆறலைன்னு யார் சொன்னது?"

"அப்பாதான். இந்த ஊருக்கு மாறி வந்த புதுசுல ஒரு நாள் அவர் அங்க நிக்கறதைப் பாத்து, நானே ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டேன், அம்மா வரலையான்னு. 'உன் பேரைக் கேட்டாலே உங்கம்மா எழுந்து போயிடறா, கொஞ்ச நாள் ஆகட்டும்'னார். நான் தினம் பாத்தேன்மா. அவர் பக்கத்துல நீ நிக்கறியான்னு தினமும் பாத்தேன்."

பூதக்கண்ணாடி திரும்பினாள். கதவைத் திறந்தாள், மறுபடி ரோட்டைக் கடந்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"எனக்கு மனசு ஆறலைன்னு சொன்னீங்களா?"

"நான்தான் தடுத்தேன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் அவர், கிட்டத்தட்டக் கெஞ்சலாக. "தடுத்தவனே தினமும் வந்து நிக்கறானேன்னு கேக்க மாட்டாளா?"

"அதனால என் தலையில போட்டுட்டீங்க."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கடைவீதியில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அப்போது ஒரு பொருட்டே இல்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பெண்ணின் முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லுங்க."

அவர் மாத்திரைப் பட்டைகளைப் பார்த்தார், எடை மெஷினைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் மகளைப் பார்த்தார். "நான்தாம்மா போகக் கூடாதுன்னு சொன்னது," என்றார். "உங்கம்மா ஒண்ணும் சொல்லலை. நீ இங்க இருக்கறதே அவளுக்குத் தெரியாது."

யாரோ இருமல் மருந்து கேட்டு வந்தார், மகள் எடுத்துக் கொடுத்தாள், மீதிச் சில்லறையும் எண்ணிக் கொடுத்தாள். வந்தவர் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மூணு மாசமா அம்மாவைத்தாம்ப்பா வெறுத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். "உங்களை நல்லவர்னு நினைச்சுக்கிட்டு."