நடு பர்னர்

"ஸ்பானர் எங்கம்மா?" என்று கேட்டபடியே, மாமனாரின் தொழில் கூட்டாளி, அடுப்பின் நடு பர்னரைக் கழற்றி மேடைமேல் வைத்துவிட்டார். மாமனாரை அடக்கம் செய்துவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் இருபது பேர் தேநீருக்குக் காத்திருந்தார்கள். மருமகள் பால் பாத்திரத்தோடு சமையலறை வாசலிலேயே நின்றாள்.

மாமனார் அடுப்பு மெக்கானிக். தெருத் தெருவாக பைப் கேஸ் வந்தபோது, சிலிண்டர் அடுப்புகளையெல்லாம் அதற்கு மாற்றிக் கொடுத்தவர். பர்னருக்கு அடியில் இருக்கிற ஜெட்டைக் கழற்றிவிட்டு, பெரிய துளை உள்ள ஜெட்டைப் பூட்டுகிற வேலை. "சுடர் நீலமா நிக்கணும்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சொல்லி 'நீலம்' என்றே பேர் ஒட்டிக்கொண்டது. இன்று காலை கருவிப்பையைத் தோளில் மாட்டியவர், ஒரு நிமிஷம் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

கூட்டாளி ஸ்பானரால் ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அட, சிலிண்டர் ஜெட்டு! மத்த ரெண்டுலயும் மாத்திட்டு இதை விட்டிருக்காரு. அதான் எரியுதா அணைஞ்சுதான்னே தெரியல."

"ஊருக்கெல்லாம் மாத்தினாரு, சொந்த வீட்ல கோட்டை விட்டுட்டாரு," என்றான் அவள் கணவன். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு சரியாக வரவில்லை. "கேட்டா, கவனப் பிசகுடா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்பாரு. ஏழு மாசமா அதே அடுத்த வாரம்."

"அண்ணன் கையால ஒரு தப்புன்னு இருக்கக் கூடாது. நானே மாத்திடறேன்." கூட்டாளி சட்டைப் பையிலிருந்து புது ஜெட்டை எடுத்தார்.

வாயைத் திறந்தால் அவள் குட்டு வெளிப்பட்டுவிடும். திறக்காவிட்டால் அந்த நல்ல மனுஷர் பேரில் ஒரு தப்பு நின்றுவிடும்.

"மாத்தாதீங்கண்ணே. அது தப்பில்ல. எனக்காக வெச்சது."

இருவரும் திரும்பினார்கள். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முழங்கைத் தழும்பைக் கணவனிடம் காட்டினாள்.

"இது எண்ணெய் தெறிச்சதுன்னு சொன்னேன்ல? பொய். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல கேஸ் ட்யூப் தீப்பிடிச்சுது. அதுலேர்ந்து அடுப்புன்னாலே எனக்கு உதறும். இந்த வயசுல இதைப் போய் யாருகிட்ட சொல்றது? மாமா எதுவுமே கேக்கல. நான் எட்டி நின்னு லைட்டரை நீட்டறதைப் பாத்திருக்காரு. இதை மட்டும் மாத்தாம, 'இது பெரிசா எரியவே எரியாதும்மா, நீ இதுல சமை'ன்னாரு. பெரிய பர்னரையெல்லாம் தினம் அவரே பத்த வெச்சுக் கொடுத்தாரு. நீங்க கிண்டல் பண்றப்போல்லாம் பழியைத் தானே வாங்கிக்கிட்டாரு. ஒரு நாளும் என்னைக் காட்டிக் கொடுக்கல." மேடைமேல் கிடந்த பர்னரைத் தொட்டாள். "பெத்தவங்ககூட என்னை இப்படிப் பாத்துக்கிட்டதில்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றான் கணவன்.

"சொல்லியிருக்கணும்."

"கூடவே சுத்தறேன், எங்கிட்டகூட மூச்சு விடல பாரு அந்த ஆளு," என்று கூட்டாளி தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய ஜெட்டையே திரும்ப வைத்து, ஸ்பானரால் நிதானமாக முறுக்கி, பர்னரையும் மேலே பொருத்தினார். புது ஜெட் சட்டைப் பைக்குள் போனது.

கணவன் பெரிய பர்னர் பக்கம் கையை நீட்டினான். "இதைப் பத்த வைக்கட்டுமா?"

"வேணாம். இன்னிக்கு அவர் வெச்சுக் கொடுத்ததுலயே போடறேன்."

லைட்டரைத் தட்டினாள். விரல் நுனி அளவுக்குச் சுடர் நீலமாக எரிந்தது. அதன்மேல் பாலை ஏற்றினாள்.

கூட்டாளி கூடத்துக்குப் போய், "டீ வர நேரமாகும். நீலத்தோட அடுப்பு, மெதுவாத்தான் காயும்," என்றார்.

கிளம்புவதற்காகச் செருப்பை மாட்டியிருந்த இரண்டு பேர், அதைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.