கூரையிடம் போட்ட மனு

எங்கள் நாட்டுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவரைக்கூட நாங்கள் தனியாக விட மாட்டோம். அவ்வளவு உபசாரம். விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து மறுபடி ஏறும்வரை வழிகாட்டி ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வழிகாட்டிகளில் நானும் ஒருவன். பெயர் அமான்துர்தி. தலைநகர் அஷ்காபாத்தில் பிறந்து வளர்ந்து, கஷ்டப்பட்டு ஆங்கிலம் படித்து, எந்தக் கேள்விக்கும் அந்த ஆங்கிலத்தில் பதில் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டவன். தெருவில் ஏன் ஆட்களே இல்லை என்று கேட்டால் வெயில் என்பேன். குளிர்காலத்தில் கேட்டால் குளிர் என்பேன். வசந்த காலத்தில் வருகிறவர்களிடம்தான் கொஞ்சம் தடுமாறுவேன்.

அந்தச் செப்டம்பரில் வந்தவர் டாக்டர் அதெலீனோ. போர்ச்சுகல்காரர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். பளிங்குக் கட்டடங்களைக் காட்டினால் கட்டடத்தைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தார்.

"காலம் பூரா அடுத்தவங்க வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் பொழப்பு, அமான். இந்த ஊர்ல மட்டும் என் பருப்பு வேகல. கடைக்காரர், கண்டக்டர், நீங்க, ஒருத்தரும் திறக்க மாட்டேங்கறீங்க."

"வெயில், டாக்டர்."

"கார் எல்லாம் ஏன் வெள்ளையா இருக்கு?"

"எங்களுக்கு வெள்ளை பிடிக்கும்."

என் கார் முன்பு கருநீலம். எங்கள் எல்லோருக்கும் வெள்ளைதான் பிடிக்கும் என்பது ஒருநாள் காலையில் தெரியவந்தது. போலீஸ் சொன்ன இடத்தில் வண்டியை விட்டுவிட்டு வந்தேன், வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். பெயின்ட் செலவு மட்டும் என்னுடையது.

டாக்டரிடம் என் மகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. மாய்சா எனக்கு ஒரே பெண். அவள் அம்மா தவறிப்போன பிறகு வீட்டில் அவளும் நானும் மட்டும்தான். துருக்கியில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்து, கோடையில் பெட்டியோடு அனுப்பிவைத்தேன். விமானத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டு, பக்கத்து சீட்டு அம்மாள் கொடுத்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்ட பிறகு, ஒரு அதிகாரி வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு இறக்கிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அக்டோபருக்குள் போய்ச் சேராவிட்டால் கல்லூரி இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்.

ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் தேநீர் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் "எங்ககிட்ட அப்படித் தடை எதுவும் இல்லையே" என்றார்கள். தடையில்லாத பெண் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஓரிடத்தில் படி இறங்கிய பிறகு திரும்ப மேலே போய் இன்னொரு முறை நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட வீரன் நான்.

டாக்டர் வந்த இரண்டாம் நாள், ஹோட்டல் அறையில் என்னிடம் அலுத்துக்கொண்டார். "இந்தத் தலையணையில படுத்தா கழுத்து போயிடும் போல." இருவரும் கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், கட்டிலில் புதுத் தலையணை, பஞ்சு மாதிரி. மறுநாள் குளியலறை பல்பு மினுக்குகிறது என்றார். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மாற்றியிருந்தார்கள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலையே, அமான்."

"எங்க சேவை அப்படி" என்றேன்.

அவர் கூரையில் தொங்கிய பெரிய விளக்கைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுக்க எந்த ஒட்டுக்கேட்கும் காதுக்குப் பயந்து குசுகுசுவென்று பேசினேனோ, இந்த நாட்டில் சொன்னதைக் கேட்டு உடனே ஆவன செய்யும் ஒரே இடம் அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் மனுவை இத்தனை நாளும் தப்பான ஜன்னலில் நீட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் வழக்கம்போல் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் மாய்சாவிடம் யோசனையைச் சொன்னேன். அவள் முலாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஊர்ல எல்லா அப்பாவும் தெரிஞ்ச அதிகாரியைப் புடிப்பாங்க. நீங்க விளக்கைப் புடிக்கப் போறீங்களா?"

"அதிகாரிங்க காதுல போட்டுக்கறதில்லம்மா. அது போட்டுக்குது."

"போட்டுக்கிட்டு உங்களையே தூக்கிட்டுப் போனா?"

"அதுவும் நடக்கலாம்."

கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்காக நீங்க எதுலயும் மாட்டிக்க வேணாம்ப்பா. நான் இங்கயே ஏதாவது படிச்சுக்கறேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அந்தக் கல்லூரிப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவது எனக்குத் தெரியும்.

மறுநாள் டாக்டரை ஒரு நீரூற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அந்த இரைச்சலில் எல்லாவற்றையும் சொன்னேன். நாட்டை நாலு வார்த்தை புகழ வேண்டும், பிறகு என் மகளுக்காக வருத்தப்பட வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"வருத்தப்படறேன். புகழ மாட்டேன்" என்றார். "எனக்குப் பொய் வராது. பொண்டாட்டி சமையலைக்கூட நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. அதனாலதான் இப்படித் தனியா ஊர் சுத்தறேன்."

"அப்ப வருத்தம் மட்டும் போதும், டாக்டர்."

அன்று மாலை அறையில் நாடகம் நடந்தது. நான் விளக்குக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டேன். டாக்டர் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிறவர் மாதிரி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அமான், உங்க முகம் ஏன் வாடியிருக்கு?" என்றார். நான் விளக்கை அண்ணாந்து பார்த்தபடி, "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று ஆரம்பித்து, மாய்சாவின் முழுப்பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மனம் உடைந்து போனவன் எவனும் பாஸ்போர்ட் எண்ணைச் சொல்லி அழ மாட்டான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்றோ, வாய் நிற்கவில்லை. தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல நாய் வண்டி வந்த குளிர்காலத்தில் அவள் ஒரு குட்டியைப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்ததை, அதைக் குளியலறையில் வைத்து வளர்த்ததை, நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி மாசக்கணக்கில் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டே உள்ளே போனதைச் சொன்னேன். அவளுடைய அம்மா இருந்திருந்தால் இந்நேரம் அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கத்தியிருப்பாள், எனக்குக் கத்தத் தெரியவில்லை என்றும் சொன்னேன். டாக்டர் வசனத்தை மறந்துவிட்டு என் தோளில் கையைப் போட்டார். அரசாங்க விளக்கின் கீழே, சட்டத்துக்கு விரோதமாக நாய் வளர்த்ததை ஒப்புக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை உணவுக்கு டாக்டருக்காகக் கீழே காத்திருந்தபோது, கோட்டுக்காரர் என் மேசையில் வந்து உட்கார்ந்தார். அவர் பெயர் தாங்ரிகுலி என்பதும், கொளுத்தும் வெயிலிலும் கறுப்புக் கோட்டோடு வரவேற்பறைத் தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவர் உத்தியோகம் என்பதும் எல்லா வழிகாட்டிகளுக்கும் தெரியும். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அமான் அண்ணே, உங்க விருந்தாளி பேசற இங்கிலீஷ் எனக்குச் சரியா பிடிபடல. கொஞ்சம் நிறுத்திப் பேசச் சொல்லுங்க."

என் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. பதறி எடுத்து, நெற்றியில் ஒற்றி, மேசையில் வைத்தேன்.

"அப்புறம், விளக்கைப் பார்த்துப் பேசாதீங்க. அது வெறும் விளக்கு."

"சரிங்க."

"பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுட்டுப் பேசறது யாரு?"

"டாக்டர்தான். ஏதோ புத்தகத்துல அப்படிச் செய்யச் சொல்லியிருக்காம்."

"மூடச் சொல்லுங்க. பாதி கேக்க மாட்டேங்குது. விட்டுப்போனதை நான்தான் சொந்தமா யோசிச்சு எழுத வேண்டியிருக்கு." தேநீரை ஊற்றிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். பிறகு, "அந்த நாய்க்குட்டி என்னாச்சு?" என்றார்.

"ஊருக்கு வெளியில ஒரு தோட்டக்காரர்கிட்ட குடுத்துட்டோம். நல்லா இருக்கு."

"நல்லது." கோப்பையைக் கீழே வைத்தார். "பாருங்கண்ணே, நம்ம ஆளுங்க மனு எதுவும் மேல போகாது. என்னோடதே போனதில்ல. வெளிநாட்டுக்காரர் என்ன நினைக்கறார்ங்கறது மட்டும்தான் போகும். நாளைக்குப் புது நீரூற்றுத் திறப்புக்கு டிவிக்காரங்க வர்றாங்க. உங்க டாக்டர் நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லட்டும். விருந்தாளிக்கு ரொம்ப சந்தோஷம், ஒரே ஒரு குறைதான்னு உங்க பொண்ணைச் சேர்த்து எழுதிடறேன்."

டாக்டரிடம் இதைச் சொன்னால், நான் நினைத்தபடியே, "கேமரா முன்னாடி பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நீங்க எதுக்கு டாக்டர் பொய் சொல்லணும்? அது என் வேலை. நீங்க உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. நான் மொழிபெயர்க்கறேன்."

திறப்பு விழாவில் ஒரே மாதிரி உடையில் மாணவிகள், கொடியோடு ஆசிரியர்கள், வெயிலில் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தார்கள். டிவிப் பெண் டாக்டரிடம் மைக்கை நீட்டினாள். பக்கத்தில் நான். எனக்குப் பின்னால் கோட்டு.

டாக்டர் நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். "இந்த ஊரைப் பார்த்தா செட்டுப் பல்லு ஞாபகம் வருது. ரொம்ப வெள்ளை, ரொம்ப வரிசை, ஆனா உயிர் இல்ல. இந்தப் பொண்ணுங்களை யாராவது நிழல்ல உட்கார வைங்க. இந்த ஊர்ல எனக்குப் பிடிச்சது இந்த மனுஷன் மட்டும்தான். இவர் பொண்ணைப் படிக்க விடுங்க."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "முத்துக் கோத்தது போன்ற இந்த வெண்பளிங்கு நகரத்தின் ஒழுங்கைக் கண்டு வியந்து நிற்கிறேன். இளைய தலைமுறையின் மீது இந்நாடு வைத்திருக்கும் அக்கறை என் நெஞ்சைத் தொடுகிறது. இங்குள்ள மக்களின் அன்பை என்றும் மறவேன். இந்நாட்டுப் பெண்கள் கல்வியில் மேலும் மேலும் உயர வாழ்த்துகிறேன்." ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது. இத்தனை வருஷப் பயிற்சி வீண்போகவில்லை.

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் நிற்பவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. டிவிப் பெண் அவரைப் பார்த்து, "சரியாத்தான் சொன்னாரா?" என்றாள்.

கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். வெயிலில் நின்ற மாணவிகளையும் பார்த்தார். "வார்த்தைக்கு வார்த்தை சரி" என்றார். கூட்டம் கலையும்போது என் பக்கத்தில் வந்து, "நீங்க சொன்னதையே எழுதிடறேன், எனக்கு வேலை மிச்சம்" என்றார். "டாக்டர் துருக்கி வழியாத்தானே போறார், அதே விமானத்துலயே பொண்ணையும் அனுப்புங்க. நிறுத்த மாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நிறுத்தறவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

விமான நிலையத்தில் டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊருக்குப் போய் எங்களைப் பற்றி என்ன எழுதினாரோ, தெரியாது. எழுதியிருந்தாலும் அந்த இணையப் பக்கம் இங்கே திறக்காது. மாய்சா என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "வெளிய நிக்காதீங்கப்பா, வெயிலு. வீட்டுக்குப் போங்க" என்றாள். சரி என்றேன்.

போகவில்லை. யாரும் போக மாட்டார்கள். விமானம் தரையை விட்டுக் கிளம்பும்வரை பெற்றவர்கள் வாசலுக்கு எதிரே நின்றுகொண்டிருப்பார்கள். கடைசி நிமிடத்தில் யாருடைய பிள்ளையை இறக்குவார்கள் என்று சொல்ல முடியாது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் அத்தனை தலையும் திரும்பும். பெருக்குகிறவர் வந்தார். ஒரு அதிகாரி சிகரெட் பிடிக்க வந்தார். ஒவ்வொரு முறையும் அவளாக இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பையன் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தான். அவனுடைய அப்பா ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். எங்களில் ஒருவரும் அவர்களைப் பார்க்கவில்லை.

பிறகு சத்தம் கேட்டது. விமானம் எழும்பி, மலைப்பக்கம் திரும்பி, சின்னதாகி மறைந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என் முதுகைத் தட்டி, "தப்பிச்சாச்சுண்ணே, போங்க, போய்ச் சாப்பிடுங்க" என்றார். நான் சிரித்தேன். என் வாழ்க்கையிலேயே நான் ஜெயித்த ஒரே காரியம் அது. எல்லோரும் கார்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

நானும் சாவியை எடுத்தேன். பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் வானத்தில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும், அவளாக இருக்கக் கூடாதா என்று ஆசையோடு திரும்பிப் பார்த்தேன்.