ஏழு மெத்தையும் என் வாயும்

இந்த வருஷம் பால்குடம் எடுக்க முழங்கால் சம்மதிக்கவில்லை. மாரியம்மனிடமே போய்ச் சொன்னேன்.

"படி ஏற முடியல தாயி. வேற ஏதாச்சும் கேளு."

அவள் கேட்பது போல நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். "அப்ப இருபத்தொரு நாளு சத்தமில்லாம ஒரு நல்லது பண்ணு ராக்காயி. நான்தான் செஞ்சேன்னு வாயத் தொறந்தா நேர்த்தி செல்லாது."

நான் நேர்த்தி தவறியதே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்ததும் இல்லை.

ஹட்டனில் கிளினிக் போகிற கிழடுகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒரு சீமெந்து வாங்கு, நீளமான பெஞ்சு. பனியில் நனைந்து சில்லென்று கிடக்கும், உட்கார முடியாது. கொழுந்து பறித்த காலத்தில் நனையாமலிருக்க நான் இடுப்பில் கட்டிய தடித்த படங்குத் துணிகள் வீட்டில் சும்மா கிடந்தன. அவற்றை வெட்டி, பழைய சுவெட்டர்களை உள்ளே அடைத்து மெத்தை தைத்தேன். மூன்று நாளுக்கு ஒன்று. விடிய ஐந்தரைக்கே போய், ஆள் வருமுன் வாங்கில் கயிற்றால் கட்டிவிட்டு வந்துவிடுவேன்.

ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் ஒரு பூ. சொல்லக்கூடாது என்றுதானே நேர்த்தி, தைக்கக்கூடாது என்று இல்லையே.

பூவை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பேரெல்லாம் எதிரே துணி, நூல் விற்கிற பௌசியாவுக்குப் போனது.

"பௌசியாம்மா மனசு யாருக்கு வரும்!" என்றார் பிரஷர் மாத்திரைக்கு வருகிற செல்லசாமி. "படங்குல மெத்தை! மூளையப் பாருங்க."

"அவங்களுக்குப் படங்கு ஏது?" என்றேன், தாங்காமல்.

"வாங்கியிருப்பாங்க. ஒங்களுக்கு ஏன்க்கா எரியுது?"

எரியத்தான் செய்தது.

இருபத்தோராம் நாள், ஏழாவது மெத்தையையும் கட்டிய பிறகு, அம்மனிடம் கேட்டேன். "நான் சொன்னாத்தானே குத்தம்? வேற ஆளு சொன்னா?"

பதில் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கடை திறந்ததும் போனேன். அங்கே பௌசியா செல்லசாமியிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"அல்லாஹ்வுக்குத் தெரியும், நான் ஒரு தையலும் போடல!"

"அப்ப யாரு தங்கச்சி?" என்று நுழைந்தேன். "அந்தச் செகப்பு நூலு ஒங்க கடை நூலு மாதிரி இருக்கே. யாரு வாங்குனாங்கன்னு யோசிச்சுப் பாருங்களேன்."

பௌசியா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஞாபகம் இருக்குக்கா. இந்த மாசம் அத ஒரே ஆளுக்குத்தான் வித்தேன்."

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"யாரும்மா அது?" என்றார் செல்லசாமி.

"சொல்ல மாட்டேன். மறைச்சு செய்றவங்களுக்குக் கூலி அல்லாஹ்கிட்ட இருக்கு. நான் குறுக்க வந்து கெடுக்கவா?"

"பரவாயில்ல, சொல்லுங்க," என்றேன். "அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

"அது ஒங்களுக்கு எப்டிக்கா தெரியும்?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

அம்மனும் அல்லாஹ்வும் பேசிவைத்துக்கொண்டார்கள் போல.

வெளியே வந்தால் முழங்கால் குத்தியது. ஆறு மெத்தையில் ஆள். ஏழாவதை நோக்கி நொண்டினேன். செல்லசாமி என்னைத் தாண்டி ஓடிப்போய் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"எடம் வேணும்னா வெள்ளனே வரணும்க்கா."

ஐந்தரைக்கே வந்தேன் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அம்மன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வர்றேன் தம்பி," என்று சொல்லி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.