கோட்டை வாசலில் மூன்று அட்டைகள்

கனடாவில இருக்கிற மகள் கரைச்சல் குடுத்துத்தான் நானும் மனிசி சிவனேஸ்வரியும் வன்னியில விசுவமடுவில இருந்து தெற்கில இருக்கிற காலிக் கோட்டை பாக்கப் போனனாங்கள். மூண்டு பக்கமும் கடல், சுத்திவரக் கல் மதில். வெள்ளைக்காரர் ஐஸ்கிறீம் திண்டுகொண்டு உலாவினம்.

வாசலில காக்கிச் சட்டையோட ஒரு காவலாளி. வாகனங்களைப் பாத்து விடுற ஆள், அவ்வளவுதான். ஆனா எங்கட கால் தானா நிண்டிட்டுது. காக்கியைக் கண்டா வன்னிச் சனத்துக்கு வேற என்ன வரும்? அடையாள அட்டை எல்லாம் எப்பவும் மனிசியின்ர கைப்பையிலதான். அப்பிடியே எடுத்து நீட்டிப்போட்டா.

அவன் சிரிச்சான். கோட்டை பாக்க அட்டை தேவையில்லையாம். திருப்பித் தரேக்கதான் மூண்டு இருக்கிறதைக் கண்டான்.

"மற்ற ஆள் எங்க அம்மா?" எண்டு அரைகுறைத் தமிழில கேட்டான்.

மற்றது எங்கட மகன் துசியந்தன்ர அட்டை. சண்டை முடிஞ்ச அண்டைக்கு, விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொல்லி ஆமிக்காரங்கள் எங்கட கண்ணுக்கு முன்னால அவனைப் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனாங்கள். அவன் எங்க எண்டு நாங்கள் ஏறி இறங்கிக் கேக்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. இண்டைக்கு ஒரு காக்கிச்சட்டை எங்களைக் கேக்குது! எனக்கு உச்சியில ஏறிச்சுது. கத்த வாயைத் திறந்தன்.

மனிசி என்ர கையைப் பிடிச்சு அமத்தினா.

"பின்னால வாறான் தம்பி," எண்டா அவனிட்ட. "வந்தா உள்ள விடுங்கோ."