இருந்தாலும் இருக்கலாம்

டாக்டர் பேசுவதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தம் காதில் விழுந்ததும் ஒனெய்டா பென்சிலை எடுத்தாள். கொமாயாகுவேலாவில், தகரக் கூரை போட்ட அவள் அறைக்குள் காலை பதினோரு மணி வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியின் மறுமுனையில், டாக்டர் ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். அவருக்கு எதிரே எர்லிண்டா, ஒனெய்டாவின் நாட்டிலேயே ஒலாஞ்சோ பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவள். கட்டிலில் அவள் மகன் தாரியோ. வயது பத்தொன்பது. கூரை வேலைக்கு ஏறி, விழுந்து, ஒன்பது நாள் ஆகிறது. ஓடிக்கொண்டிருப்பது வென்டிலேட்டரின் மூச்சு. அதைத் தொடர்வதா, எடுத்துவிடுவதா என்று தாய் இன்று சொல்லியாக வேண்டும்.

ஆறு வருடமாக ஒனெய்டாவுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பதுதான் பிழைப்பு. இந்தக் காதில் ஆங்கிலம், அந்த வாயில் ஸ்பானியம். தன் பெயரைச் சொல்லக் கூடாது, தனக்குக் கொடுத்த எண் மட்டும்தான். டாக்டர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னாலும் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது. எல்லாம் பதிவாகிறது.

டாக்டர் சொன்னார்: “காலப்போக்கில் ஏதோ ஒரு முன்னேற்றம் ஒருவேளை இருந்தாலும் இருக்கலாம்.”

அவள் பாதியில் விட்டுவந்த பல்கலைக்கழகத்தில் இந்த ஆங்கிலச் சொற்களை ஏணியாக வரைந்து காட்டுவார்கள். நடக்கும், நடக்கக்கூடும், நடக்கலாம். படிக்குப் படி சதவீதம் குறையும். பக்கத்தில் ஒரு 'ஒருவேளை' ஒட்டினால் இன்னும் அரைப் படி. 'முன்னேற்றம்' என்ற பெயருக்கு முன்னால் 'ஏதோ' வந்து நின்றால் அதற்கும் கீழே. ஏணியை அவள் எப்போதோ மறந்துவிட்டாள். காது கற்றுக்கொண்டது வேறு. டாக்டர் ஒரு தயக்கச் சொல் போட்டால் நம்பிக்கை மிச்சமிருக்கிறது. ஒரே வாக்கியத்தில் மூன்றையும் அடுக்கினால், பிணவறையில் இடம் பார்த்துவிட்டார்கள்.

ஒன்றும் குறைக்காமல் ஸ்பானியத்தில் சொன்னாள்.

“இருக்கலாம்னா?” என்றாள் எர்லிண்டா. “இவரு டாக்டரா, ரேடியோவுல மழ வருமா வராதான்னு சொல்ற ஆளா?”

அதையும் ஒனெய்டா ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. அதே வாக்கியத்தைச் சொற்களின் இடம் மாற்றித் திரும்பச் சொன்னார்.

“மகளே, உன் பேச்சு நம்மூருப் பேச்சா இருக்கு. அந்தாள விட்டுத்தள்ளு. நீயும் ஒரு பொம்பளதான? எம்புள்ள கண்ணத் தொறப்பானா மாட்டானா?”

விதிப்படி இந்தக் கேள்வியும் போக வேண்டும். போனது. திரும்பி வந்ததும் அதே மூன்று சொற்கள்தான்.

ஒனெய்டா வாயைத் திறந்தாள். “நான் சொல்றேம்மா. இல்ல. தொறக்க மாட்டான்.”

எர்லிண்டாவின் காதில் அந்த 'நான்' டாக்டருடையதாகவே விழுந்தது.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல அய்யா? ஒம்போது நாளா அவன் ஒதட்டுக்குத் தண்ணி தொட்டு வச்சிக்கிட்டிருக்கேன்.” பிறகு, “எடுத்துருங்க.”

முதலில் சொன்னதை ஒனெய்டா விழுங்கிவிட்டாள். கடைசிச் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் கொடுத்தாள். டாக்டருக்கு ஆச்சரியமா, நிம்மதியா என்று தெரியவில்லை. “அது சரியான முடிவாக இருக்கலாம்” என்றார். நன்றி சொன்னார். இணைப்பு அறுந்தது.

ஒனெய்டா சொன்னது சரிதான். மூன்று அடுக்கினால் போனது போனதுதான். அப்படித்தான் ஆறு வருடமாக. யோசித்துப் பார்த்தாள். அப்படி அடுக்கிய டாக்டர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொரு அழைப்பும் இப்படித்தான் அறுந்தது. அந்த நோயாளிகளில் யாரும் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒருமுறைகூட அவளுக்குத் தெரிய வந்ததில்லை.

காதில் அடுத்த அழைப்பு மணியடித்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மிர்த்தா கத்தினாள். “அடியே ஒனெய்டா! எட்டு நாளைக்கப்புறம் தண்ணி விட்டுட்டானுங்க! தொட்டிக் கொழாயப் போய்த் தெறடி, தூங்குறியா?”

மணி அடிக்க அடிக்கவே அவள் கொல்லைக்குப் போய்க் குழாயைத் திருகினாள். தண்ணீர் இன்னும் வரவில்லை; வந்தாலும் வரலாம். குழாய் காற்றைக் கக்கியது, நின்றது, மறுபடி கக்கியது.