இல்லை என்று சொல்லாத ஹோட்டல்

எங்கள் ஹோட்டலில் ஒரு பலகையைப் பெயர்க்க மூன்று ஆள் வேண்டும். கட்டியவர் ஆணி வியாபாரி. ஒரு ஆணி போதும் என்ற இடத்தில் ஏழு அடிக்கச் சொல்வார். நான்கு மாடி, நூற்றிருபது அறை, வாசலில் பளிங்குப் படி. ஊரில் எங்கே இடி கிளம்பினாலும் எங்கள் மொட்டை மாடியில்தான் இறங்கும், அவ்வளவு இரும்பு. திசைகாட்டியோடு வந்த ஒரு விருந்தாளி அதை நம்பி நடந்து, மூன்று நாள் சாப்பாட்டு அறையைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றினார். நான் பொய் சொல்கிறவன் அல்ல. முப்பத்தாறு வருஷம் வரவேற்பு மேஜையில் நின்றவன். பொய் அங்கே உத்தியோகம், அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

பெரிய முதலாளி இளவயதில் ஆணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். கல்யாணமான புதிதில், மனைவியோடு, கொட்டுகிற மழையில் இந்தத் தெருவிலிருந்த ஒரு விடுதிக் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவன் தலையை நிமிர்த்தாமலே "இல்லை" என்றான். "இடம் இல்லைன்னு ரெண்டு வார்த்தையா சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்" என்று கடைசி வரை சொல்வார். வெறும் 'இல்லை'. எதிரே இருந்த பட்டறையின் தாழ்வாரத்தில், மூட்டை மேல் உட்கார்ந்து மழையைக் கழித்தார்கள். ஆணி மூட்டை மேல் உட்கார்ந்தவனுக்குத் தூக்கம் வராது, யோசனைதான் வரும்.

பதினெட்டு வருஷம் கழித்து, மூன்று ஆணித் தொழிற்சாலைகளுக்குச் சொந்தக்காரராகத் திரும்பி வந்தார். அந்த விடுதியை வாங்கி, இடித்து, அதே மண்ணில் எங்கள் ஹோட்டலைக் கட்டினார். சட்டம் ஒன்றே ஒன்றுதான். இந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்கிற எவனும், கேட்கிறவர் யாராக இருந்தாலும், 'இல்லை' என்று சொல்லக் கூடாது. ஒரு தடவை சொன்னால் ஒரு வாரம் பாய்லர் அறையில் கரி அள்ள வேண்டும்.

நாங்கள் பழகிக்கொண்டோம். "மீன் இருக்கா?" என்று கேட்டால் பரிமாறுகிறவன் "நீந்திகிட்டிருக்கு சார்" என்பான். ஒருவர் கடல் தெரிகிற அறைதான் வேண்டும் என்றார். கடல் எங்களுக்கு இருநூறு மைல். சலவைத் தொட்டியை அவர் ஜன்னலுக்குக் கீழே நகர்த்தி, ஐந்து மூட்டை உப்பைக் கொட்டினோம். சலவைக்காரர்கள் இருவர் துடுப்புக் கட்டையால் அலை அடித்தார்கள். அலைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று மறுநாள் புகார் எழுதினார். நண்டு கடித்ததாகவும் எழுதியிருந்தார். அந்த நண்டு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

முதலாளிக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவர் சின்ன முதலாளி, அதனால் எல்லோருக்கும் சின்னவர். இளையவள் பாப்பா. சின்னவருக்குத் துணி அறையில் விரிப்பு மடிக்கிற பெண்மேல் மனசு போயிற்று. ஒரு பகல் பொழுதில் நேராக என் மேஜைக்கு முன்னால் வந்து, அங்கே நின்றிருந்த அப்பாவிடம் கேட்டார்.

"அவளைக் கட்டிகிட்டு வந்தா இங்க எனக்கு இடம் இருக்காப்பா?"

"இல்லை" என்றார் முதலாளி.

வெறும் 'இல்லை'. சின்னவர் பன்னிரண்டாம் எண் அறைச் சாவியை என் முன்னால் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணோடு பளிங்குப் படி இறங்கிப் போனார். முதலாளி மேல் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நேராகப் பாய்லர் அறைக்குப் போய் ஏழு நாள் கரி அள்ளினார். சட்டம் சட்டம்தான்.

நாலு மாதத்தில் தந்தி வந்தது. படகு கவிழ்ந்துவிட்டது, இருவரும் போய்விட்டார்கள். முதலாளி படித்துவிட்டு அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அவன் அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும், முதலாளி."

"அதான் சட்டம் இருக்கே" என்றார். அப்போது அவர் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் என் உத்தியோகத்தில் சேர்ந்ததுதான். தந்தியை மடித்து, மேஜைக்குப் பின்னால் பன்னிரண்டாம் எண் கடிதப் பொந்தில் செருகினேன். நாளடைவில் முதலாளியம்மாவைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த மழைக்கு முதலாளி போய்ச் சேர்ந்தார்.

முதலாளியம்மா தினமும் காலை பத்து மணிக்குக் கீழே வருவார்.

"சின்னவன் வந்துட்டானா?"

"வந்துகிட்டிருக்கார்மா."

"வெந்நீர் போட்டு வைக்கச் சொல்லு."

பன்னிரண்டில் தினமும் வெந்நீர் போட்டோம். தினமும் அது ஆறியது. பாய்லர் அணைந்துபோன கடைசி இரண்டு வருஷம் நானே சமையலறை அடுப்பில் காய்ச்சி, வாளியில் தூக்கிப் போனேன். இப்படி இருபத்திரண்டு வருஷம். அதற்குள் வர வேண்டிய புதுத் திரையும், விளக்கும், கம்பளமும் எல்லாம் சின்னவரைப் போலவே வந்துகொண்டே இருந்தன. விருந்தாளிகளும் அப்படியே ஆகிவிட்டார்கள், வந்துகொண்டே இருந்தார்கள்.

கடைசியில் பாப்பாவின் கணவர் ஹோட்டலை விற்றார். வாங்கியவர்களுக்குக் கட்டடம் வேண்டாம், மண்தான் வேண்டும். சாமான்கள் வண்டி ஏறின. முதலாளியம்மா மட்டும் நகர மாட்டேன் என்றார். பாப்பா என்னிடம் வந்தாள்.

"அவன் வந்து பார்த்து, பூட்டியிருந்தா எங்க போவான்னு அம்மா கேக்கறாங்க. நீங்க சொல்லிடுங்க."

"மகள் நீங்க இருக்கும்போது நான் எப்படிம்மா?"

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. இத்தனை வருஷம் உங்ககிட்டதானே கேட்டாங்க."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணணும்" என்றார் மருமகன். "இல்லைன்னா நாற்காலியோட தூக்கி வண்டியில வைக்க வேண்டியதுதான்."

"எங்கம்மா என்ன பீரோவா?" என்றாள் பாப்பா.

மருமகன் என் பக்கம் திரும்பினார். "மூணு எழுத்துதானய்யா. அதுல ஒண்ணு மெய். சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல வாக்கியம் அது. சொன்னது அவருக்கே தெரியாது.

மறுநாள் பத்து மணி. லிப்ட் நின்றுபோயிருந்தது, முதலாளியம்மா நாலு மாடியும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். கூடம் காலி. என் மேஜையை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏழு ஏழு ஆணியாக அடித்தது, வரவில்லை.

"சின்னவன் வந்துட்டானா?"

"வரலைம்மா."

"அது எனக்கும் தெரியுது. எப்ப வருவான்?"

பாப்பா தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக வாயில் வைத்திருந்த வெந்நீரைத் துப்புகிற மாதிரி இருந்தது எனக்கு.

"சின்னவர் இல்லைம்மா."

அவர் கை மேஜை விளிம்பைத் தேடிப் பிடித்தது. நான் பொந்திலிருந்து தந்தியை எடுத்து வைத்தேன். மடிப்பில் மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகிவிட்டிருந்தது. கண்ணாடி போடாமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"இருபத்திரண்டு வருஷம்மா."

"அந்தப் பொண்ணு?"

"அவளும் இல்லை."

இரண்டாவது தடவை சுலபமாக வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவர் இதைப் படிச்சாரா?"

"படிச்சார்மா."

"படிச்சிட்டு அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டார்" என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி தெரியவில்லை. நாலு துண்டையும் ஓரம் சரி பார்த்து அடுக்கினார். சின்னவர் வைத்துவிட்டுப் போன சாவி பொந்திலேயே இருந்தது. அதைக் கேட்டார், கொடுத்தேன். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு தடவை சொன்னே."

"ஆமாம்மா."

"அப்ப ரெண்டு வாரம்."

"பாய்லர் அணைஞ்சு ரெண்டு வருஷமாச்சும்மா."

"சட்டம் பாய்லருக்கா போட்டாங்க?"

பாப்பா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பளிங்குப் படியில் பாதி இறங்கியதும் முதலாளியம்மா நின்றார். "பன்னெண்டுல இனிமே வெந்நீர் வேண்டாம்னு சொல்லு" என்றார். சொல்வதற்கு என்னைத் தவிர யாருமில்லை; எனக்குக் கேட்டுவிட்டது.

அன்று பிற்பகலே மேல் கோட்டைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, பாய்லர் அறைக்கு இறங்கினேன். மூலையில் மிச்சக் கரி ஒரு குவியல் கிடந்தது. அதை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அள்ளினேன், பிறகு திரும்பவும் இங்கே. குளிர்ந்த பாய்லருக்குப் பக்கத்தில் வேலை செய்தால் வேர்க்காது என்று நினைப்பீர்கள். வேர்த்தது.

பதினோராம் நாள் இடிக்கிறவர்கள் வந்தார்கள். மேலே முதல் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டு அவர்கள் கெட்ட வார்த்தை பேசுவது கேட்டது. சற்று நேரத்தில் ஒருவன் பாய்லர் அறைப் படியின் தலைப்பில் வந்து நின்று குரல் கொடுத்தான்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இல்லை" என்றேன்.

"சரி" என்று அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

இத்தோடு மூன்று வாரம் ஆயிற்று. மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.